பின்னிருக்கையின் காற்று

இயந்திரம் பேசும். ஆயினும் அதன் முறைப்பாட்டை முதலிற் கேட்பவர் அதனை ஓட்டுபவராய் இருப்பதில்லை. கொட்டாஞ்சேனையில் குடியிருந்து வெள்ளவத்தையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒருவர், இவ்வுண்மையை ஒரு மழைக்காலத்தில் அறிந்துகொண்டார்.

ஐப்பசி மழை. இருபுறமும் மழைத்திரை இறக்கப்பட்டிருந்தது. காலி வீதியில் வாகனங்கள் நகராது நின்றன. பின்னிருக்கையில் இருந்த முதியவர், “தம்பி, புகை மணக்குது. தலையும் சுத்துது” என்றார். “முன்னால நிக்கிற பஸ்ஸின்ர புகை, அம்மா” என்று விடையளித்துவிட்டு அதனை அவர் மறந்துபோனார். முன்னிருக்கையில் அவர் முகத்திற் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு எந்த மணமும் தெரியவில்லை.

மறுநாட் காலை, அதே இருக்கையிற் பாடசாலைக்குச் சென்ற அவருடைய மகள், இறங்கும்போது தலையிடிக்கிறது என்றாள். வழமையாக வழி முழுவதும் கதைத்துக்கொண்டு வருபவள், அன்று பாதி வழியில் உறங்கிப்போயிருந்தாள். முதியவரின் சொல் அப்போதுதான் அவருடைய நெஞ்சில் தைத்தது.

முச்சக்கர வண்டியின் இயந்திரம் பயணியின் இருக்கைக்குப் பின்புறமாக, கீழே அமைந்திருக்கிறது. புகைக்குழாய் இயந்திரத்தோடு இணையும் இடத்திற் கசிவு ஏற்படின், புகை வால்வழியே வெளியேறாமல் இருக்கையடியில் தேங்கும். திரை இறக்கிய வேளையில் உள்ளேயும் புகும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் பிணைகிறது. தலையிடியும் தூக்கமுமே அது தரும் முன்னறிவித்தல்கள். புகை மணப்பது ஒருவகையில் நற்பேறு எனலாம். மணக்காத பகுதியே கொல்வது.

வண்டியிடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருந்தது. 2008 இல் நடைமுறைக்கு வந்த அப்பரிசோதனை, குழாயின் வால்முனையில் வெளிவரும் புகையையே அளக்கிறது. வயிற்றில் விழுந்த ஓட்டையை அது எவ்வாறு அறியும்?

ஓரிடத்தில், தகரத்தைச் சுற்றிப் பசை பூசிப் பத்து நிமிடத்தில் அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். கொட்டாஞ்சேனைச் சந்தொன்றில் வேலை செய்யும் முதிய பாஸோ வேறுவிதமாகச் சொன்னார்: “இப்ப எஞ்சின் சூடு தம்பி. இரவுக்கு இங்கேயே விட்டுட்டுப் போங்க. விடியக் குளிர்ல ஸ்டார்ட் பண்ணித்தான் பார்க்கணும்.” ஓர் இரவின் உழைப்பு போயிற்று. அவர் மறுக்கவில்லை.

விடியற்காலையில் இயந்திரம் உயிர்பெற்றபோது ‘டிக், டிக்’ என்றொரு மெல்லோசை எழுந்தது. சூடேற ஏற அது தேய்ந்து மறைந்தது. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியைத் தற்காலிகமாக மூடிக்கொள்வதே அதன் காரணம். இணைப்பின் ஓரத்திற் கரிக்கோடொன்று படிந்திருந்தது. இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, சவர்க்கார நீரைத் தூரிகையால் அவ்விடத்திற் பூசினார். மீண்டும் இயக்கி, வால்முனையை ஈரத்துணியாற் சில கணங்கள் மட்டும் அழுத்தியபோது குமிழிகள் பொங்கின. பனிபடர்ந்த கனடாவில் பனிமேல் ஓடும் வண்டியாயினும், கொழும்பின் மழையில் ஓடும் முச்சக்கர வண்டியாயினும், கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும் முறை ஒன்றே.

கழற்றிப் பார்த்தபோது ஒரு நட் தளர்ந்திருந்தது. அப்பக்கத்துப் பெக்கிங் எரிந்து தேய்ந்திருந்தது. புதியதைப் போட்டு இறுக்கினால் வேலை முடிந்துவிடும் என்றே ஓட்டுநர் எண்ணினார். பாஸ் குழாயைத் தொடர்ந்து தடவிச் சென்றார். சைலன்சரைத் தாங்கும் றப்பர் சிதைந்திருந்தது. தாங்குவாரற்ற பாரம், ஒவ்வொரு குலுக்கத்திலும் இணைப்பை இழுத்தே நட்டைத் தளர்த்தியிருந்தது. “ஓட்டை விழுந்த இடம் ஒண்டு, விழுத்தின இடம் வேற” என்றார் அவர்.

பஞ்சிகாவத்தையிலிருந்து பெக்கிங்கும் றப்பரும் வந்தன. பழைய பெக்கிங்கின் எச்சம் சுரண்டப்பட்டது. கண்ணாடித் தகட்டின்மேல் அரத்தாளை விரித்து, குழாயின் விளிம்பு மட்டமாகும்வரை தேய்க்கப்பட்டது. இரு நட்களும் ஒன்றுமாறி ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கப்பட்டன. ஒருமுறை ஓடிச் சூடேறி ஆறியபின், மீண்டும் இறுக்குவதற்கு மறுநாள் வரும்படி சொல்லி அனுப்பினார்.

அடுத்த மழைநாளில் வெள்ளவத்தைச் சந்தியில் மழைத்திரை இறங்கியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“மகள், ஏதும் மணக்குதா?”

“இல்லை அப்பா.”

அச்சொல்லோடு அவர் அமைதியடையவில்லை. மணக்காததைப் பற்றியும் அவருக்கு இப்போது தெரியும். திரையின் ஓரத்தைச் சற்றே விலக்கிவிட்டு, மகள் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடரும்வரை காத்திருந்தார். அவள் கதைக்கத் தொடங்கியபின்னரே வண்டி நகர்ந்தது.