வா, போ, எடு, போடு

போன லீவுல பெரியப்பாவோட பனியன் கம்பெனிக்கு கணக்கு எழுதப் போயிருந்தேன். அங்கே ஒடிசா பையன் ஒருத்தன் ஓவர்லாக் அடிக்கிறான். திருப்பூர் வந்து ஆறே மாசம். ஒருநாள் என் அப்பத்தா அங்கே வந்தப்ப, எந்திரிச்சு ஸ்டூலைத் தள்ளிவிட்டு சிரிச்சுகிட்டே சொன்னான்: "நீ உக்காரு."

"பெரியவங்கள நீங்கறான் பாரு, மரியாதை கெட்டவன்"னு சூப்பர்வைசர் கத்தினார். பையன் முழிச்சான். எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. ராத்திரிதான் உறைச்சுது.

அவனுக்கு யாருங்க தமிழ் வாத்தியார்? நாமதானே! காலையில மெஷின்ல உக்காந்தா ராத்திரி வரைக்கும் அவன் காதுல விழறது "வா, எடு, போடு, சீக்கிரம் அடி" மட்டும்தான். நானும் அப்படித்தான் பேசியிருக்கேன். இதுல கொங்குத் தமிழ்னா மரியாதைன்னு நமக்குப் பெருமை வேற.

ஸ்டீபன் கிராஷன்னு ஒரு அமெரிக்க மொழியியல் பேராசிரியர். இலக்கணம் படிச்சு ரெண்டாவது மொழி வர்றதில்லை, புரியற மாதிரி காதுல விழ விழத்தான் வரும்னு 1980கள்ல சொன்னார். அவரோட சண்டை போடறவங்களும் உண்டு. ஆனா 12 வருஷம் இங்கிலீஷ் படிச்சும் திணர்ற எனக்கு, அந்தப் பையனைப் பார்த்தா நம்பத்தான் தோணுது.

அதே 1980கள்ல ஐரோப்பாவுல அஞ்சு நாடுகள்ல, வெளிநாட்டுல இருந்து பிழைக்க வந்தவங்க எப்படி மொழி பழகுறாங்கன்னு வருஷக்கணக்கா பதிவு பண்ணினாங்க. இங்கிலாந்து போன பஞ்சாபிகளும் அதுல இருந்தாங்க. தாய்மொழி எதுவா இருந்தாலும், முதல்ல எல்லாரும் விகுதி இல்லாத மொட்டை வார்த்தைகளை வச்சே சமாளிச்சாங்களாம். தமிழ்ல அந்த மொட்டை வினைச்சொல்லே ஏவலாவும் ஆயிடுது: எடு, போடு, உக்காரு. "ங்க" அதுக்கு மேல ஒட்டறது. அதை யாராவது சொன்னாத்தானே ஒட்டும்?

மறுநாள் அவன்கிட்டயே கேட்டேன். ஒடியாவுல "து", "துமே", "ஆபண"ன்னு மூணு படி இருக்காம். பெரியவங்களுக்கு "ஆபண". மரியாதையில நம்மளைவிட ஒரு படி கூடத்தான் வச்சிருக்கான்!

அன்னைக்கு மத்தியானம் "வாங்க, சாப்ட்டீங்களா?"ன்னேன். பின்னாடி யாரோ நிக்கறாங்கன்னு திரும்பிப் பார்த்தான்.

ரெண்டு வாரத்துல அப்பத்தாகிட்ட "உக்காருங்க"ன்னுட்டான். சூப்பர்வைசருக்குத்தான் இன்னும் வரலை.