பிச்சை என்னும் பெயர்

என் பெயருக்கு முன்னே ‘பி.’ என்றோர் எழுத்து நிற்கின்றது. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டில் அதன் விரிவை யாரேனும் வினவினால் ‘பிரகாசம்’ எனப் பொய்யுரைத்துத் தப்பிக்கொள்வேன். உண்மையில் அது ‘பிச்சை’. என் தந்தையாரின் பெயர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் 1957 இல் இலங்கையிடம் ஒப்படைக்கும்வரை அங்கே கூலிவேலை செய்தவர் அவர். அப்பெயரை எங்கள் வறுமையின் முத்திரையாகக் கருதி நான் நாணினேன்.

விடுமுறையொன்றின்போது அப்பம்மாவிடம் இதைச் சொல்லிச் சினந்தேன். அவர் சினக்கவில்லை. என் தந்தைக்கு முன்னே பிறந்த மூன்று பிள்ளைகளும் ஓராண்டு நிறையுமுன்னே இறந்துவிட்டனவாம். நான்காம் பிள்ளை பிறந்ததும் அதனைச் சுளகிற் கிடத்தி, அயல்வீட்டு உம்மாவின் கையிற் கொடுத்து, பின் அவரிடமே மடியேந்திப் பிச்சையாக வாங்கிக்கொண்டாராம். பிச்சையாய் வந்த பிள்ளை பெற்றவளுக்கு உரியதன்று. ஆகவே கூற்றுவன் அதனைத் தேடி அவள் வீட்டுக்கு வரமாட்டான் என்பது நம்பிக்கை. “அந்த உம்மா வீட்டிலயும் ஒரு பிச்சைத்தம்பி இருந்தான், ராசா. கோயிலடியில ஒரு பிச்சைமுத்து இருந்தான். அவங்கட தாய்மாரும் என்னைப் போலதான்” என்றார். அவர் கோயிலடி என்றது மாதா கோயிலை.

அன்றுதொட்டு எங்கள் துறைமுகப் பகுதியின் பெயர்களை உற்றுநோக்கும் பழக்கம் என்னைப் பற்றிக்கொண்டது. சைவர் வீடுகளிற் கோணேசரின் பெயரே பல வடிவங்களில் வழங்கியது: கோணேஸ்வரன், கோணாமலை, கோணேசபிள்ளை. அம்பாளின் பெயரால் மாதுமை. கத்தோலிக்கர் வீட்டுச் சூசையும் முஸ்லிம்கள் வீட்டு யூசுப்பும் ஒரே எபிரேயப் பெயரின் இரு வடிவங்கள். ‘இறைவன் மேலும் தருவானாக’ என்பது அதன் பொருள். விவிலியத்தின்படி, நெடுநாட் பிள்ளையின்றி வாடிய ஒரு தாய் தன் தலைமகனுக்கு இட்ட பெயர் அது.

சில பெயர்கள் ஒலியால் வந்தன. சில பொருளால் வந்தன. பவுல் என்பதன் இலத்தீன் மூலத்துக்குச் ‘சிறியவர்’ என்பது பொருளாதலின் அவர் தமிழிற் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதில் இறையருள் என்னும் கருத்து உண்மையின் அவர் அருளப்பர் ஆனார். அப்துல்லா என்றால் இறைவனின் அடியார். சிவதாசனும் தேவதாசனும் அதனையே வேறு சொற்களாற் கூறுகின்றனர். அரபு வழக்கில் ‘அபூ’ என்பது இன்னாரின் தந்தை எனக் குறிக்கும். நம் சங்கப் புலவர் பிசிராந்தையாரின் பெயரிலுள்ள ‘ஆந்தை’யும் ‘ஆதன் தந்தை’ என்பதன் மரூஉ என்பர். பிள்ளையால் தந்தை அறியப்படுவதும் தந்தையின் முதலெழுத்தாற் பிள்ளை அறியப்படுவதும் ஒரே உறவின் இரு முகங்களே.

சிங்களப் பெயர்களும் நமக்கு அந்நியமானவையல்ல. குணரத்ன என்பார் அவர். குணரத்தினம் என்போம் நாம். வேறுபாடு ஈற்றிலே சிறிதளவுதான். ஆனால், அந்தச் சிறிதளவு எத்தனை பேரை வாகனத்திலிருந்து இறக்கியது! 1990களிற் கொழும்பு செல்லும் பேருந்து காவலரணில் நிற்கும். அடையாள அட்டையிலுள்ள பெயரைக் கண்டதும் யார் இறங்குவது, யார் இருக்கையிலே இருப்பது என்பது முடிவாகிவிடும். ஒருமுறை அவ்வாறு நான் இறங்கி மீண்டபோது, சிறுமியாயிருந்த என் மகள் என் கையைப் பற்றிக்கொண்டு, “அப்பா, உங்கட பேரை மாத்தினா என்ன?” என்றாள். வேறு வேளைகளில், வேறு கைகளில், முஸ்லிம் பெயர்களும் சிங்களப் பெயர்களும் தம்மைத் தாங்கியோரை அவ்வாறே காட்டிக்கொடுத்தன. எப்பெயருக்கும் அதன் பொருளை எவரும் கேட்டதில்லை.

போர் 2009 இல் முடிந்தது. அந்தச் சிறுமி இன்று தாயாகப் போகின்றாள். அண்மையில் தொலைபேசியில், “பிள்ளைக்கு ஒரு பேர் சொல்லுங்கோ அப்பா. ஆனா, ஆர் எவர் எண்டு காட்டாத பேரா இருக்கவேணும்” என்றாள். பெயர்களின் பெருமை பற்றி அவளுக்கு விரிவுரை நிகழ்த்த வாயெடுத்தேன்; பேருந்தில் என் கையைப் பற்றிய அச்சிறு விரல்கள் நினைவுக்கு வந்தன. வாளாவிருந்தேன்.

அவளைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. பிள்ளையைப் பெயருக்குப் பின்னே ஒளித்துவைப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதியதன்று. ஆயின் அப்பம்மா ஒளித்தது கூற்றுவனிடமிருந்து. ஒளிப்பதற்கு அயல்வீட்டு உம்மாவின் கை துணைநின்றது. என் மகளோ அயலவரிடமிருந்தே ஒளிக்க விழைகின்றாள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே நாம் இழந்தது.

பிச்சை என்னும் பெயரின் கதையை மட்டும் அவளுக்குச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், “பூட்டியின்ர பேர் என்ன, அப்பா?” என்று கேட்டாள். மாதுமை என்றேன். அதை வைப்பாளோ, நான் அறியேன், தெரிவு அவளுடையது. நான் இப்பொழுது கையொப்பமிடும்போது முதலெழுத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. தந்தையாரின் பெயரை முழுமையாகவே எழுதுகின்றேன்.