வலி, காலம், இடம்: தேர்வு நாளைப் பற்றிச் சில சொற்கள்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து நிற்கின்றன. போருக்குப் புறப்படும் மன்னனுக்குச் சொன்னவை. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வாகிய யு.எஸ்.எம்.எல்.இ.க்கு ஆயத்தமாகும் இளம் மருத்துவர்களைக் காணும்போது, அவர்களுள் பலர் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்களோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. வலிமை சேர்க்க ஓராண்டுக்கும் மேலாக உழைக்கிறார்கள். காலத்தையும் இடத்தையும் பற்றி ஒரு மாலைப்பொழுதுகூட எண்ணுவதில்லை.

நாங்கள் ஐவர் சென்னையில் ஒரே மாடியறையில் தங்கி இத்தேர்வுக்குப் படித்தோம், ஐவரும் தேறினோம். ஆயினும் இதை எழுதத் தூண்டியது எங்கள் தேர்ச்சியன்று. கல்லூரியில் எங்களுக்கு ஈராண்டு மூத்தவரான ஓர் அக்கா, பாடத்தில் எங்கள் ஐவரையும்விடத் தேர்ந்தவர், முதற்படித் தேர்வில் தோற்றார். அறியாமையால் தோற்கவில்லை, அந்த ஒரு நாளால் தோற்றார்.

அந்த ஒரு நாளின் விலை பெரிது. முதற்படித் தேர்வில் 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி, தோல்வி என்பது மட்டுமே. சுமை குறைந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் தோல்வி ஒன்று நேர்ந்தால் அது சான்றிதழ்ப் பட்டியலை விட்டு நீங்குவதில்லை. பின்னர் மேற்பயிற்சிக்கு ஆள் எடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனையும் அதைக் காணும். ஒவ்வொரு படிக்கும் 6 முறை என்றிருந்த வாய்ப்பும் 2021-ல் 4 எனக் குறைக்கப்பட்டது.

இடத்திலிருந்து தொடங்குவோம். தேர்வு மைய வாயிலில் தமிழருக்கு முதற்கண்டம் பெயர்தான். நாம் தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுமப்பவர்கள். விண்ணப்பங்களோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கின்றன. அனுமதிச் சீட்டில் உள்ள பெயரும் அடையாளச் சான்றில் உள்ள பெயரும் ஒத்திருக்கவேண்டும் என்பது விதி. எங்களுள் ஒருவருக்குக் கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரிவாகவும், அனுமதிச் சீட்டில் ஒற்றை எழுத்தாகவும் இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பே கண்டதால் கடிதம் எழுதித் திருத்த முடிந்தது. அன்று காலையில் கண்டிருந்தால்? இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. முந்தைய நாளே மையத்துக்கு ஒருமுறை போய்வருவதும் நன்று. குறித்த நேரத்துக்கு மேல் அரைமணி தாமதித்தால் உள்ளே விடாமலே போகலாம்.

அடுத்தது காலம். 2025 வரையிலான வடிவில் முதற்படித் தேர்வு 7 பகுதிகள் கொண்டது. பகுதிக்கு 60 நிமிடம், 40 வினாக்களுக்கு மிகாமல். அதாவது வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இடைவேளை மொத்தம் 45 நிமிடம். அதைப் பங்கிட்டுக்கொள்வது எழுதுபவர் பொறுப்பு. தொடக்கத்தில் வரும் 15 நிமிட விளக்கத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு அங்கே கடந்துசென்றால் அந்நேரமும் இடைவேளையில் சேரும். ஆக 60 நிமிடம். நாங்கள் வகுத்த கணக்கு இது: முதலிரண்டு பகுதிகள் இடைவிடாமல், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பின் பத்துப் பத்து நிமிடம், நான்காவதற்குப் பின் இருபது, எஞ்சிய இரு இடைவெளிகளுக்கும் எட்டு எட்டு, நான்கு நிமிடம் கையிருப்பு. கையிருப்பு ஏன் என்றால், வெளியே வரும்போதும் மீண்டும் நுழையும்போதும் நடக்கும் சோதனைக்கான வரிசையும் நம் நேரத்தில்தான் கழியும். இடைவேளை மிஞ்சினால் கடைசிப் பகுதியின் நேரம் குறையும். இத்தேர்வின் வடிவம் அவ்வப்போது மாறுவது. எழுதும் ஆண்டின் விதியைப் பார்த்துக் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளவேண்டும். உணவும் இக்கணக்கில் அடங்கும். வயிறு நிறையத் தயிர்சாதம் உண்டால் பிற்பகலில் கண் சொருகும். இரண்டிரண்டு இட்லியாகப் பிரித்து உண்டதே எங்களுக்கு ஒத்துவந்தது.

வலிமையை அன்று பயன்படுத்துவதிலும் சில உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே எதையும் வெறுமையாக விடலாகாது. முதலில் தோன்றிய விடையை மாற்றக்கூடாது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. ஜஸ்டின் க்ரூகரும் உடன் ஆய்ந்தோரும் 2005-ல் வெளியிட்ட கட்டுரை இதை மறுத்தது. மாணவர்கள் செய்த மாற்றங்களுள் தவற்றிலிருந்து சரிக்குச் சென்றவையே மிகுதி. சரியை மாற்றிக் கெடுத்ததே நெஞ்சில் ஆழப் பதிகிறது. ஆகவே காரணம் கிடைத்தால் மாற்றலாம், அச்சத்தால் மாற்றவேண்டா.

இனி அக்காவின் கதை. இரண்டாம் பகுதியில் இதய ஒலி பற்றிய வினா ஒன்று அவரை ஐயத்தில் விட்டது. முடிந்த பகுதிக்குத் திரும்ப வழியில்லை. ஆனால் அவர் மனம் திரும்பிக்கொண்டே இருந்தது. மூன்றாம் பகுதியின் வினாக்களை வாசித்தபடியே அந்த இதயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நேரம் முடிந்தபோது ஒன்பது வினாக்கள் தொடப்படாமல் நின்றன. அந்த ஒன்பதின் கவலை நான்காம் பகுதிக்குள் நுழைந்தது. ஒரு வினா மூன்று மணி நேரத்தை விழுங்கிற்று.

பயிற்சி மருத்துவர்களாக நாங்கள் வார்டில் நின்றபோதுதான் இதன் பொருள் முழுவதும் விளங்கிற்று. ஆறாம் கட்டிலில் ஓர் உயிர் பிரிந்திருக்கும். ஏழாம் கட்டிலில் இருப்பவருக்கு மூச்சு இரைக்கும். அவரிடம் செல்லும்போது ஆறாம் கட்டிலை உடன் கொண்டுசெல்ல நமக்கு உரிமையில்லை. துயரத்துக்கு இரவில் இடமுண்டு. முடிந்த பகுதியை முடிந்ததென விடக் கற்பது தேர்வுக்கான தந்திரம் மட்டுமன்று, தொழிலின் முதற்பாடம்.

அக்கா மறு ஆண்டு மீண்டும் எழுதித் தேறினார். புதிதாகப் படித்தது குறைவு என்றார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவியதே தாம் செய்த மாற்றம் என்றார்.

தேர்வெழுதும் பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். வினாக்களை வெளியே பேசுவதில்லை என்று அவர்கள் ஒப்புதல் அளித்துவிட்டே எழுதுகிறார்கள். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். அன்று மாலை தொலைபேசியில் "எப்படி எழுதினாய்?" என்று கேளாதீர்கள். "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.