மோட்டார் கொட்டகைச் சாவி

அப்பா இறந்த பிறகு வந்த முதல் கோடை அது. திருவையாற்றை அடுத்த எங்கள் ஊரில் குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வரும்வரை நாற்றைக் காப்பாற்ற போர்த் தண்ணீர்தான் கதி. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என்னை இரவு பதினொரு மணிக்கு அம்மா எழுப்பினாள்.

"த்ரீ பேஸ் வந்துடுச்சுடி. வா, மோட்டாரப் போட்டுட்டு வந்துடலாம்."

மும்முனை மின்சாரம் எங்கள் பக்கம் பல நாள் இரவில்தான் வரும். நடுச்சாமத்தில் டார்ச்சோடு வரப்பில் நடப்பது அப்பாவின் வேலை. மோட்டார் கொட்டகைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். "கரண்டு விளையாட்டு இல்ல, பொம்பளைங்க உள்ள வராதீங்க" என்பார். அக்கறைதான். ஆனால் அதே அக்கறை, என் தம்பியைப் பத்து வயதில் உள்ளே அழைத்துப்போய் ஃபீஸ் கட்டக் கற்றுக்கொடுத்தது. நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கினேன். என் வீட்டில் ஃபீஸ் போனால் தம்பிக்குப் போன் செய்தேன்.

அன்று ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் சுற்றவில்லை, உறுமியது. டெஸ்டரை மூன்று முனையிலும் வைத்தேன். மூன்றிலும் எரிந்தது. "கரண்டு இருக்கும்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியிலிருந்து அம்மா கத்தினாள்.

"நிறுத்துடி! ஒரு பேஸ் இல்ல. காயில் கருகிடும்."

அம்மாவின் காது சொன்னதுதான் சரி. மூன்றில் ஒரு பேஸ் அறுந்தால் மோட்டாரால் கிளம்ப முடியாது. மற்ற இரண்டும் அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்கும், காயில் சூடேறிக் கருகும். அறுந்த முனையிலும் டெஸ்டர் எரிந்ததற்குக் காரணம், மற்ற பேஸ்களின் மின்சாரம் மோட்டாரின் காயில் வழியாக அங்கே திரும்பி வந்ததுதான். டெஸ்டரை எரிய வைக்க அது போதும், மோட்டாரைச் சுழற்றப் போதாது.

தம்பிக்குப் போன் செய்தேன். "தொடாத, காலையில ஆள் அனுப்புறேன்" என்றான். காலையில் மும்முனை போய்விடும். அம்மா முதல் முறையாகக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்தாள். முப்பத்தைந்து வருடம் வாசலில் நின்று டார்ச் பிடித்தவள்.

"அப்பா மொதல்ல மெயினுக்கு ஏறுற பக்கம் பாப்பாரு, அப்புறம் எறங்குற பக்கம். மீட்டர ரெண்டு ரெண்டா வச்சுப் பாரு. செருப்பக் கழட்டாத, பலகை மேல நில்லு."

ஏறும் பக்கம் மூன்று ஜோடியிலும் நானூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இறங்கும் பக்கம், நடு ஃபீஸைத் தொடும் இரண்டு ஜோடியிலும் ஒன்றுமில்லை. கோளாறு கம்பத்தில் இருந்திருந்தால் வாரியத்து ஆளைத்தான் கூப்பிட வேண்டும். இது எங்கள் பெட்டிக்குள் இருந்தது. மெயினை அணைத்து, அணைந்ததா என்று மறுபடி பார்த்துவிட்டு, ஃபீஸ் கட்டையை உருவினேன். கம்பி உருகியிருந்தது. பிடிப்பு தளர்ந்து முனை கறுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் திருகாணியை இறுக்கினேன். வயரின் செம்பு இழைகளைத் திரித்துக் கட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆபத்து வந்தால் அறுந்துபோவதற்காகத்தான் ஃபீஸே இருக்கிறது. அப்பா வைத்திருந்த கம்பிச் சுருளைத் தேடி எடுத்து, சரியான கனத்தில் கட்டினேன். மோட்டார் ஓடியது. தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு தடவ இதே சத்தம் கேட்டு உங்கப்பாகிட்ட சொன்னேன். ஒனக்கென்ன தெரியும்னாரு. அந்த வருஷந்தான் காயில் கட்ட என் தோட்ட வித்தோம்."

கொட்டகைக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருக்கிறது. கோடையில் மண் காயாமலிருக்க அதன் குழாயில் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியவள் அம்மா. மண்ணில் ஈரம் இருந்தால்தான் கசியும் மின்சாரம் மோட்டாரைத் தொடுபவரை விட்டுவிட்டுத் தரைக்கு இறங்கும். கொட்டகைக்குள் போனவரின் உயிரை இத்தனை வருடம் காத்தது, உள்ளே விடப்படாதவளின் குடம். அதற்கு எங்கள் வீட்டில் 'கரண்டு வேலை' என்று பெயரில்லை, தண்ணி ஊற்றுவது என்றுதான் பெயர்.

1989இல் தமிழ்நாட்டில், அதுவரை மணமாகாத மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு தரும் சட்டம் வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த ஆண்டு விவசாய மோட்டார்களுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. எங்கள் திண்ணையில் இரண்டாவதைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

மின் இணைப்பு அப்பாவின் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்ற வாரிசுச் சான்றோடு அம்மாவும் நானும் போனோம். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். நான் பதிலுக்கு வாய் திறப்பதற்குள் அம்மா சொன்னாள், "மோட்டார் ஓட்டுறது நாந்தான் சார். கையெழுத்து எங்க போடணும்?"

இணைப்பு இப்போது அம்மாவின் பெயரில். சாவி அவள் சுருக்குப் பையில். சென்ற விடுமுறைக்குத் தம்பி மகள் வந்திருந்தாள். வயது பத்து. அம்மா அவளைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் பலகைமேல் நிறுத்தி, "எதையும் தொடாத. மொதல்ல சத்தத்தக் கேளு" என்றாள்.