டைட்டன் வானத்தில் சனி தெரியாது

உங்க லேப்டாப் வால்பேப்பர்ல ஒரு கிரகமோ நெபுலாவோ இருக்கா? இருந்தா, இதைப் படிக்கிறதை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அதைப் பாருங்க. கிரகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கு? பக்கத்துல ஒரு நிலவு இருந்தா, அதுக்கும் வெளிச்சம் அதே திசையிலிருந்துதான் வருதா? நிறைய படங்களில் வராது. கிரகத்துக்கு இடதுபக்கம் ஒரு சூரியன், நிலவுக்கு வலதுபக்கம் தனியா ஒரு சூரியன். இதை ஒரு தடவை கவனிச்சுட்டா அப்புறம் நிம்மதியா ஒரு வால்பேப்பர் வைக்க முடியாது. நான் வைக்கிறதில்லை.

மூணாவது செமஸ்டரிலிருந்து நான் இந்த மாதிரி படங்கள் பண்றேன். 8 ஜிபி ரேம் லேப்டாப், ஜிம்ப், பிளெண்டர். ரெண்டு சாஃப்ட்வேரும் இலவசம். ரெண்டு நிமிஷத்துக்கு மேல ரெண்டர் ஓடினா ஹாஸ்டல் ரூம்ல ஃபேன் சத்தத்தை விட லேப்டாப் சத்தம் அதிகமாயிடும். ரூம்மேட்டுக்குப் பழகிடுச்சு.

ஒரு கிரகம் பண்றது நீங்க நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. ஒரு பாறையையோ துருப்பிடிச்ச இரும்புத் தகட்டையோ போட்டோ எடுத்துக்கோங்க. அதை உருண்டையா வளைச்சா முக்கால் கிரகம் ரெடி. (எங்க வொர்க்‌ஷாப் பின்னாடி கிடக்கிற தகடு ஒண்ணு இதுவரை நாலு கிரகமா ஆகியிருக்கு.) கிரகத்தை நிஜமாக்குறது அந்த டெக்ஸ்ச்சர் இல்ல, நிழல். பகலும் இரவும் சந்திக்கிற கோடு எங்க போகுது, அந்தக் கோட்டுக்கிட்ட மலைகளின் நிழல் எவ்வளவு நீளுது, காற்று மண்டலத்தின் மெல்லிய ஒளி பகல் பக்கத்தில் மட்டும் தெரிஞ்சு இரவுப் பக்கம் போகப் போக மறையுதா. இதுக்குத்தான் நேரம் போகும்.

நெபுலா வேற கதை. விண்முகில்னு அதுக்கு அழகான தமிழ் வார்த்தை ஒண்ணு இருக்கு. முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு அது தெரிய இருபது வயசு ஆச்சு. கம்ப்யூட்டர்ல முகில் வரைய பெரும்பாலும் நாய்ஸ் வேணும். அதுல பிரபலமானது கென் பெர்லின் கண்டுபிடிச்ச நாய்ஸ். 1982-ல் வந்த 'ட்ரான்' படத்தில் வேலை பார்த்தவர் அவர். கம்ப்யூட்டர் படங்கள் எல்லாமே மெஷின்ல கடைஞ்சு எடுத்த மாதிரி வழவழன்னு இருக்கேன்னு எரிச்சலாகி, இயற்கை மாதிரி ஒழுங்கில்லாத ஒழுங்கைத் தர ஒரு ஃபங்ஷன் எழுதினார். 1985-ல் பேப்பரா வந்தது, 1997-ல் அதுக்கு டெக்னிக்கல் ஆஸ்கரும் கிடைச்சது. வேலை செய்யும் விதம் ரொம்ப சிம்பிள். ஒரு நாய்ஸ் எடுங்க. அதையே ரெண்டு மடங்கு ஃப்ரீக்வன்சியில், பாதி ஆம்ப்ளிட்யூடில் அதன் மேல கூட்டுங்க. இப்படி ஆறேழு தடவை கூட்டினா கண் முன்னாடி மேகம் வந்து நிக்கும். மேத்ஸ் கிளாஸ்ல ஃபூரியர் சீரிஸ் எதுக்குன்னு கேட்டவங்க யாராவது இருந்தா, அதோட தூரத்துச் சொந்தம் இதுன்னு வெச்சுக்கோங்க.

அப்புறம் கலர். எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம். 1995-ல் ஹப்பிள் எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தைப் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. ஈகிள் நெபுலாவுக்குள்ள மூணு தூண், பின்னாடி நீலப்பச்சை. அதை எடுத்த கேமராவுக்குத் தெரிஞ்சது கறுப்பு வெள்ளை மட்டும்தான். மூணு ஃபில்ட்டர் போட்டுத் தனித்தனியா எடுத்து, கந்தகத்துக்கு சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம்னு கொடுத்தாங்க. நிஜத்தில் ஹைட்ரஜனின் அந்த ஒளி 656 நானோமீட்டர், கந்தகத்துடையது 672. நம்ம கண்ணுக்கு ரெண்டுமே சிவப்புதான். ரெண்டையும் பிரிச்சுக் காட்டத்தான் ஒண்ணைப் பச்சையாக்கினாங்க. அப்போ அது பொய்ப் படமான்னு கேட்டா, நீங்க மேட்லாப்ல ஹீட் மேப் போடுறப்ப சூடான இடத்துக்கு சிவப்பு கொடுக்கிறீங்களே, அது பொய்யா? பச்சைன்னா என்ன அர்த்தம்னு ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கார். கேட்டா சொல்லவும் செய்வார்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. போன செமஸ்டர் ஒரு சிம்போசியம் போஸ்டருக்கு விண்வெளிப் பின்னணி வேணும்னு கேட்டாங்க. நான் பதினொரு ராத்திரி உட்கார்ந்து ஒண்ணு பண்ணினேன். ஒரு ஜூனியர் பையன் ஏஐ-யில் ஒரு வரி டைப் பண்ணி ஒரு நிமிஷத்தில் எடுத்தது செலக்ட் ஆச்சு. கோபம் வந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். பையன் நல்லவன்தான். "அக்கா, இதைப் போய் ஏன் கையால பண்றீங்க?"ன்னு நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். அப்போ என்கிட்ட பதில் இல்ல.

அந்தப் படத்தில் ரெண்டு திசையிலிருந்து வெளிச்சம் விழுந்துச்சு. யாரும் கவனிக்கலை, போஸ்டர் பார்க்கிறவங்க கவனிக்கணும்னு அவசியமும் இல்ல. என்னை உறுத்தினது வேற. அதில் பச்சையும் தங்க நிறமும் அப்படியே ஹப்பிள் கலர். ஆனா அங்கே பச்சை ஏன் பச்சை? ஹைட்ரஜனா? யாரும் எதையும் முடிவு பண்ணலை. அதனால அந்தப் படத்தைத் தப்புன்னுகூட சொல்ல முடியாது. எதையாவது சொல்லியிருந்தால்தானே தப்பாக முடியும்?

பதில் மாதிரி ஒண்ணு எனக்குக் கிடைச்சது செஸ்லி போன்ஸ்டெல் பற்றிப் படிச்சப்போ. அமெரிக்க ஓவியர், 1888-ல் பிறந்தவர். ஆர்க்கிடெக்சர் படிச்சவர், நியூயார்க் கிரைஸ்லர் பில்டிங்கில் வேலை செய்தவர், பிறகு ஹாலிவுட்டில் சினிமாவுக்குப் பின்னணி ஓவியம் வரைஞ்சவர். 1944-ல் லைஃப் பத்திரிகையில் அவர் வரைஞ்ச சனி கிரக ஓவியங்கள் வந்தன. சனியின் நிலவுகளிலிருந்து சனி எவ்வளவு பெருசா தெரியும்னு கணக்குப் போட்டு வரைஞ்சவை. அதில் ஒண்ணு டைட்டனிலிருந்து: பனி மூடிய பாறைகள், நீல வானம், நடுவில் பிறை மாதிரி சனி. நீல வானம் சும்மா அழகுக்கு இல்ல. டைட்டனுக்குக் காற்று மண்டலம் இருக்குன்னு கைப்பர் கண்டறிந்து வெளியிட்டதும் அதே 1944-ல்தான். அந்த ஓவியத்தைப் பார்த்து விண்வெளித் துறைக்கு வந்தவங்க நிறைய பேர்.

ஓவியம் தப்பு. 1980 நவம்பரில் வாயேஜர் 1 பக்கத்தில் போனப்போ தெரிஞ்சது ஆரஞ்சு நிறப் பனிப்புகை மட்டும்தான், தரை ஒரு துளிகூடத் தெரியலை. டைட்டன் தரையில் நின்னு அண்ணாந்து பார்த்தா நம்ம கண்ணுக்குச் சனி தெரியாது. அப்போ போன்ஸ்டெல்லுக்கு 92 வயசு, உயிரோடதான் இருந்தார். 2005 ஜனவரி 14-ல் ஹைகன்ஸ் அங்கே இறங்கி அனுப்பின படத்தில் மங்கின ஆரஞ்சு வெளிச்சமும் உருண்டையான ஐஸ் கற்களும் இருந்தன. தன் காலத்தில் தெரிஞ்சதை வெச்சு ஒரு மனுஷன் 'இப்படித்தான் இருக்கும்'னு துணிஞ்சு சொன்னார். முப்பத்தாறு வருஷம் கழிச்சு ஒரு விண்கலம் போய் 'இல்லை'ன்னு சொன்னது. அந்த 'இல்லை'யை வாங்கிக்கிற தகுதி அந்தப் படத்துக்கு இருந்தது. எனக்கு அந்தத் தகுதி வேணும்.

அதனால இப்போ நான் பண்ணிட்டிருக்கிறது டைட்டன். சனி இல்லாத டைட்டன். இவ்வளவு நேரம் வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு உங்களை நச்சரிச்சேன் இல்லையா, இந்த இடத்தில் அந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. புகை மண்டலம் சூரிய ஒளியைச் சிதறடிச்சு எல்லாப் பக்கமும் பரப்பிடுது, கூர்மையான நிழலே விழாது. நண்பகல்லயே நம்ம ஊர் வெளிச்சத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். பிளெண்டரில் வால்யூம் போட்டு இதைக் கொண்டுவர ரெண்டு வாரமா திணறுறேன். கொஞ்சம் கூட்டினா செவ்வாய் மாதிரி ஆயிடுது, குறைச்சா சாயங்கால பீச் மாதிரி. அழகா வராதுன்னு தெரியும். போஸ்டருக்கெல்லாம் யாரும் எடுக்க மாட்டாங்க.

நேத்து ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு, "என்னடி, போகி அன்னைக்குக் காலையில சென்னை மாதிரி இருக்கு"ன்னா. ரெண்டு வாரத்தில் கிடைச்ச உருப்படியான கமென்ட் அதுதான். டைட்டன் புகையும் கார்பன் சேர்மங்கள்தான், மீத்தேனை வெயில் உடைச்சு உண்டாக்கினது. அடுத்த போகிக்கு விடியறதுக்கு முன்னாடி மொட்டை மாடியில் கேமராவோட நிக்கலாம்னு இருக்கேன்.