ஞாயிற்றுக்கிழமை வந்த ஆல்பம்

பிடித்த பாடகரின் ஆல்பம் வரப்போகிறது என்றால், வந்த பிறகு உள்ள நாட்களைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் எனக்குப் பிடிக்கும். ஓரிரு பாட்டை முன்கூட்டியே விடுவார்கள், அட்டைப் படம் வரும். மீதியை நாமே கற்பனையில் ஓட்டிக்கொள்ளலாம். கற்பனையில் எந்த ஆல்பமும் சோடை போனதில்லை.

2024 டிசம்பர் கடைசியில் பேட் பன்னியின் ஆல்பத்துக்கு அப்படித்தான் காத்திருந்தேன். இத்தனைக்கும் எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. பியூர்ட்டோ ரிக்கோவின் வேகா பாஹாவில் வளர்ந்தவர் அவர். சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டே சவுண்ட்கிளவுடில் பாட்டு ஏற்றியவர். அதே தீவிலிருந்து கிளம்பிய ரிக்கி மார்ட்டினும், கொலம்பியாவின் ஷகிராவும் அமெரிக்காவைப் பிடிக்க ஆங்கில ஆல்பம் போட வேண்டியிருந்தது. இவர் மாறவில்லை. 2020இல் முழுக்க ஸ்பானிஷில் வந்த இவரது ஆல்பம் அமெரிக்க ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பிடித்தது. அப்படி ஒன்று அதுவரை நடந்ததில்லை.

புது ஆல்பத்தின் பெயர் ‘தெபி திரார் மாஸ் ஃபோதோஸ்’. இன்னும் நிறைய போட்டோ எடுத்திருக்க வேண்டும் என்கிற ஏக்கம். அட்டையில் பாடகரின் முகம் இல்லை. வாழை மரங்களுக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள், நம் கல்யாண வீடுகளில் வாடகைக்கு எடுத்துப் போடுவோமே, அதே ஜாதி. இரண்டிலும் ஆள் இல்லை. யார் எழுந்து போனார்கள் என்று யோசிப்பதிலேயே எனக்குப் பாதி நேரம் போனது.

அதைவிட யோசிக்க வைத்தது வெளியீட்டுத் தேதி: 2025 ஜனவரி 5, ஞாயிறு. 2015 முதல் உலகெங்கும் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வருவதுதான் வழக்கம். பில்போர்டின் கணக்கும் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடியும். ஞாயிறன்று விட்டால் முதல் வாரக் கணக்கில் 2 நாள் போச்சு. வியாபாரம் தெரிந்தவர் செய்கிற காரியமா?

ஆனால் ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள். முந்தைய நாள் பியூர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள் புல் பறித்து, ஷூ டப்பாவில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். ராஜாக்களின் ஒட்டகங்களுக்குத் தீனி. விடிந்தால் புல் இருக்காது, பரிசு இருக்கும். பிள்ளைகள் தூக்கம் வராமல் புரளும் அந்த நாளைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். கம்பெனிக் காலண்டரைவிட ஊர்க் காலண்டர் பெரிது என்று அவர் நினைத்ததாகவே எனக்குப் படுகிறது.

உள்ளே இருந்ததும் ஊர்ச் சரக்குதான். சல்சா பாட்டுக்கு வாசித்தவர்கள் அங்குள்ள இசைப் பள்ளி மாணவர்கள். ‘கஃபே கோன் ரோன்’ பாட்டில் பிளேனா, அதாவது வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய கைமேளத்தைத் தட்டிப் பாடும் பாட்டு. உழைப்பாளிகள் குடியிருப்புகளில் ஊர்ச் சேதியைப் பாட்டாய்க் கட்டிப் பரப்பியதால் ‘பாடும் செய்தித்தாள்’ என்று அதற்கு ஒரு பெயர். ஆல்பத்தில் எனக்கு முதல் பிடித்தம் அதுதான், அவருடைய வழக்கமான ரெகேட்டோன் பாட்டுகள் அப்புறம்.

5 நாள் கணக்கோடு பில்போர்டில் முதல் வாரம் இரண்டாமிடம். அடுத்த வாரம் முதலிடம். அந்த ஜூலையில் தீவின் தலைநகர் சான் ஹுவானிலேயே தொடர் கச்சேரியும் தொடங்கியது. முதல் 9 நாள் டிக்கெட் தீவுவாசிகளுக்கு மட்டும்.