பின்னாடி ஒரு கதவு

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிகல், நிறைய கொசுவத்தி. எழுதறவன் பி.காம். படிச்ச பேங்க் ஆபீசர். எலெக்ட்ரானிக்ஸ் படிச்ச மக்கள் திட்டாம படிக்கவும் :-)

டோம்பிவிலியில எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரு மூலை எனக்குன்னு ஒதுக்கியாச்சு. சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், ஒரு டப்பா நிறைய ஐசி. "எல்லா வீட்டுலயும் ரங்கமணிங்க ஷேர் மார்க்கெட்ல பணத்தை விடுவாங்க, இவரு ஈயத்துல விடறாரு"ன்னு தங்கமணி ஃபோன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தது காதுல விழுந்தது. போகட்டும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கம்ப்யூட்டருக்கு இப்ப புதுசா ஒரு அட்டை டிசைன் பண்ணி மாட்டறவனை வேற என்னன்னு சொல்வாங்க?

அந்தக் கம்ப்யூட்டர் பேரு ஸ்பெக்ட்ரம். 1982ல இங்கிலாந்துல சின்க்ளேர் கம்பெனி கொண்டு வந்தது. டிவியில மாட்டணும், ப்ரோக்ராமை டேப் ரெக்கார்டர்ல இருந்து ஏத்தணும். மொத்த நினைவகம் 48 கேபி. உங்க மொபைல்ல வர்ற ஒரு குட் மார்னிங் படம் அதுல முழுசா அடங்காது. 1986ல டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ்ங்கற கம்பெனி லைசென்ஸ் வாங்கி இந்தியாவுலயே 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்'னு போட்டாங்க. அதுல ரெண்டு, கோவில்பட்டிக்கு வந்தது.

கொண்டு வந்தது எங்க மாமா. அம்மாவோட தம்பி.

1989. எனக்குப் பத்து வயசு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில மாமா கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிச்சார். முதலீடு, அத்தையோட நாலு வளையல். ரெண்டு ஸ்பெக்ட்ரம், ரெண்டு போர்ட்டபிள் பிளாக் அண்ட் ஒயிட் டிவி, ஒரு டேப் ரெக்கார்டர். செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும். அந்தக் கீபோர்டுல ஒரு விசேஷம் உண்டு. 'பி'ங்கற பட்டனை அழுத்தினா 'பிரிண்ட்'னு முழு வார்த்தையே திரையில வந்து விழும். "பாத்தியால மருமவனே, நீ ஒரு எழுத்து சொன்னா அது மிச்சத்தைப் புரிஞ்சுக்கிடும்"பார் மாமா.

இன்னொண்ணும் சொல்வார். மெஷினைத் திருப்பி, பின்பக்கம் நீட்டிக்கிட்டிருக்கற அட்டை விளிம்பைக் காட்டுவார். மேல கீழன்னு வரிசையா தாமிரப் பட்டைகள். "இது பின்வாசக் கதவு. உள்ள இருக்கற மூளையோட எல்லா நரம்பும் இது வழியா வெளிய வருது. இதுல என்ன வேணாலும் நாமளே செஞ்சு மாட்டலாம்." யாரும் எதுவும் மாட்டலை. ஃபீஸ் கட்டறதுக்கே ஆள் இல்லை.

இப்ப நான் வெக்கப்படற விஷயத்துக்கு வர்றேன்.

1994 மே மாசம். பதினஞ்சு வயசு. மதுரையில பெரியப்பா வீட்டுக்குப் போயிட்டு, அங்க ஒருத்தர் ஆபீஸ்ல நிஜ பி.சி.யைப் பாத்துட்டு வந்திருந்தேன். மாமா கிளாஸ்ல மிச்சம் இருந்தது ரெண்டே பசங்க. அவங்க முன்னாடியே சொன்னேன், "போங்க மாமா, இது கம்ப்யூட்டரே இல்ல. டிவியில சொருகற பொம்மை."

மாமா ஒண்ணும் சொல்லலை. அந்த வருஷமே கிளாஸை மூடிட்டார். நான் சொன்னதாலயா? இல்லை. பி.சி. வந்துடுச்சு, வாடகை பாக்கி, காரணம் ஆயிரம். ஆனா அந்த ரெண்டு பசங்க முகமும் மாமா முகமும் எனக்கு மறக்கலை. அதுக்கப்புறம் அவர் ஜெராக்ஸ் கடை வெச்சார். நான் பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊரா டிரான்ஸ்ஃபர் ஆகி, மும்பை வந்து சேர்ந்தேன்.

2021ல மாமாவுக்கு பக்கவாதம். வலது கை போச்சு, பேச்சும் போச்சு. நாலஞ்சு வார்த்தைதான் வரும். மறுவருஷம் பொங்கலுக்குப் போனப்ப, இடது கையால பரணையே காட்டிட்டிருந்தார். "ரெண்டு மாசமா இதான்யா. என்ன வேணும்னு எனக்குத் தெரியலை"ன்னு அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஏணி போட்டு ஏறினேன். ஒரு அட்டைப்பெட்டி. உள்ள ஒரு ஸ்பெக்ட்ரம், அடாப்டர், ஒரு லாங் சைஸ் நோட்டு.

நோட்டுல மாமா கையெழுத்துல பேசிக் ப்ரோக்ராம். ஆடு புலி ஆட்டம்! மூணு புலி, பதினஞ்சு ஆடு. பசங்களுக்காக அவரே எழுதினது. மெஷினை டிவியில மாட்டினோம். ஸ்பெக்ட்ரம் உயிரோட இருந்தது, ஆனா பாதி பட்டன் வேலை செய்யலை. உள்ள இருக்கற பிளாஸ்டிக் மெம்பரேன் காலப்போக்குல காஞ்சு உடையும், அதுக்கு அது வழக்கமான வியாதி. பட்டன் வேலை செஞ்சாலும் பிரச்சினைதான். பல எழுத்துக்கு ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணும். ஒத்தைக் கையால எப்படி?

பெட்டியோட மும்பைக்குத் தூக்கிட்டு வந்தேன்.

அப்பதான் தெரிஞ்சுது, இந்தப் பழைய மெஷினுக்குப் புதுசு புதுசா அட்டை செய்யற கூட்டம் உலகம் பூரா இருக்குன்னு. ஹார்ட் டிஸ்க் மாட்ட 'டிவ்ஐடிஇ', எஸ்டி கார்டு சொருக 'டிவ்எம்எம்சி', நெட்வொர்க்ல சேர்க்கக்கூட ஒண்ணு. ராத்திரி ஆபீஸ் விட்டு வந்து செய்யற ஆளுங்கதான் நிறைய. எனக்கு வேண்டியது அவ்வளவு பெருசு இல்லை. இடது கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக்.

எண்பதுகள்ல கெம்ப்ஸ்டன்னு ஒரு இங்கிலாந்து கம்பெனி போட்ட ஜாய்ஸ்டிக் அட்டைதான் இதுக்கு ஒரு ஸ்டாண்டர்டு மாதிரி. அதோட முறையை பேங்க் பாஷையில சொல்றேன். உள்ள இருக்கற இசட்80 ப்ராசசர்தான் மேனேஜர். டேட்டா லைன் எட்டு. அது எல்லா கவுண்டருக்கும் பொதுவான ஒரே மேஜை. மேனேஜர் "31ம் நம்பர் கவுண்டர், உன் கணக்கைச் சொல்லு"ன்னா ஜாய்ஸ்டிக் அட்டை மட்டும் தன் பேப்பரை மேஜையில வைக்கணும். மத்த நேரம் கையை மேஜை மேலயே வைக்கக்கூடாது. ரெண்டு பேர் ஒரே சமயத்துல வெச்சா குழப்பம், சில சமயம் ஐசி சூடாகி சாவும்.

கூப்பிடறது நம்மளைத்தான்னு கண்டுபிடிக்க மூணே கம்பி போதும். ஏ5ங்கற அட்ரஸ் லைன், ஐ.ஓ. வேணும்னு சொல்ற லைன், படிக்கணும்னு சொல்ற லைன். மூணும் ஒரே நேரத்துல பூஜ்யத்துக்கு இறங்கினா அதான் நம்ம டோக்கன். கீபோர்டைப் படிக்கற 254ம் நம்பருக்கு ஏ5 மேலயே இருக்கும், அதனால சண்டை வராது. மூணையும் சேர்த்துப் பார்க்க ஒரு 74எச்சிடி32, மேஜையில பேப்பர் வைக்க ஒரு 74எச்சிடி240. ரெண்டே ஐசி!

ஜாய்ஸ்டிக் சொல்ற கணக்கும் அழகு. வலது 1, இடது 2, கீழே 4, மேலே 8, பட்டன் 16. ரெண்டு திசை சேர்ந்தா கூட்டிக்க வேண்டியதுதான். மேலேயும் வலதும் 9. காமர்ஸ்காரனுக்கு இது போதாதா?

வார வாரம் சனிக்கிழமை, லீவு கிடைச்சா, கிராண்ட் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி லேமிங்டன் ரோடு. நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டோட பெரியண்ணன்னு வெச்சுக்கோங்க. ஸ்பெக்ட்ரமோட பின்கதவுக்கு பக்கத்துக்கு 28 இடம் உள்ள கனெக்டர் வேணும். "கௌன் சா ஜமானே கா ஹை சாப்?"னு சிரிச்சாங்க. பழைய பி.சி.யோட ஐசா ஸ்லாட் ஒண்ணு கிடைச்சது. அதுல பக்கத்துக்கு 31, இடைவெளி அதே 2.54 மில்லிமீட்டர். மூணை அறுத்துட்டா 28. நமக்குத் தெரியாத கணக்கா!

முதல் அட்டையை ஓட்டை போட்ட ஜெனரல் பர்பஸ் போர்டுல கட்டினேன். மாட்டினேன். 'பிரிண்ட் இன் 31'னு அடிச்சா ஜாய்ஸ்டிக்கை யாரும் தொடாமலே 4, 13, 0ன்னு இஷ்டத்துக்கு நம்பர். வீட்டுல பேய் ஓட்டலாம்னு பையன் சொன்னான். காரணம் சின்னது. சுவிட்ச் அழுத்தாதப்ப அந்தக் கம்பி அந்தரத்துல தொங்குது. ஒவ்வொண்ணையும் ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட்ல கட்டி வைக்கணும். அஞ்சு ரெசிஸ்டர், பேய் போச்சு.

ரெண்டாவது தப்பு சின்னது இல்லை.

அந்த விளிம்புல அஞ்சாவது இடத்துல ஒரு வெட்டு இருக்கும். கனெக்டர்ல அதே இடத்துல ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு வெச்சு அடைக்கணும். அப்பதான் அட்டை சரியான இடத்துல மட்டும் உக்காரும். பி.சி. ஸ்லாட்ல அது கிடையாது, நானும் வைக்கலை. ஒரு ராத்திரி அவசரமா மாட்டறப்ப ஒரு இடம் தள்ளி உக்காந்துடுச்சு. அங்க 5 வோல்ட்டுக்குப் பக்கத்து இடமே 9 வோல்ட். சுவிட்ச் போட்டேன். என் அட்டையில இருந்து ஒரு நூல் புகை. டிவியில கோடு கோடா ஏதோ. அப்புறம் எவ்வளவு தரம் போட்டாலும் அதே கோடுதான்.

மாமாவோட மெஷின் மக்களே. அத்தை வளையல். ரெண்டு நாள் சரியா சாப்பிடலை. "அழாதீங்க, சரி பண்ணுங்க"ன்னு தங்கமணி சொன்னது இங்க பதிவு செய்யப்படுகிறது.

தெருமுனையில டிவி ரிப்பேர் பண்ற மராத்தி காகா ஒருத்தர். திறந்து பார்த்தார். சந்தேகம் இசட்80 மேல. "ஹோயில்"னார். ஆகும்னு அர்த்தம். நாற்பது காலையும் ஒவ்வொண்ணா ஈயம் உறிஞ்சி, பழசைக் கழட்டி, ஒரு சாக்கெட் வெச்சுக் கொடுத்தார். புது இசட்80 லேமிங்டன் ரோட்லயே கிடைச்சது. 1976ல வந்த சிப், 2023லயும் கடையில! (அடுத்த வருஷமே ஜைலாக் கம்பெனி அதுக்குக் கடைசி ஆர்டர் வாங்கி மங்களம் பாடிட்டாங்க.) சாக்கெட்ல அழுத்தி சுவிட்ச் போட்டதும் அந்தப் பழைய காப்பிரைட் வரி திரைக்கு அடியில வந்தது. காகா காசு வாங்கலை, டீ மட்டும்.

அப்புறம் ஒழுங்கா கிகேட்ல வரைஞ்சு, பிசிபி அடிச்சு வாங்கி, அஞ்சாவது இடத்துல பிளாஸ்டிக் துண்டை ஒட்டினேன். வீடியோ கேம் கடைகள்ல இருக்கற மாதிரி பெரிய ஜாய்ஸ்டிக்கையும், உள்ளங்கையால அழுத்தற ஒரு சிவப்பு பட்டனையும் ஒரு கனமான மரப்பலகையில திருகினேன். ஒரு கையால பிடிச்சுக்க வேண்டியதில்லை, நகராது. அது சப்பாத்திப் பலகைங்கறதை தங்கமணி இன்னும் மன்னிக்கலை. இங்கிலாந்துல இருந்து புது மெம்பரேன் வரவழைச்சு, மாமாவோட ப்ரோக்ராமை நோட்டைப் பாத்து அடிச்சு, கீபோர்டைக் கேக்கற இடத்துல எல்லாம் 31ம் நம்பரைக் கேக்க வெச்சேன். டேப் ரெக்கார்டருக்கு பதிலா மொபைல் ஃபோன்.

2023 தீபாவளி. கோவில்பட்டி. மாமாவை நாற்காலியில உக்கார வெச்சு, பலகையை மடியில வெச்சோம். ஃபோன்ல இருந்து அந்த 'கீஈஈ' சத்தம் கேட்டதும் நிமிர்ந்தார்.

பலகையைப் பார்க்கலை. மெஷினைத் திருப்பச் சொல்லிக் கை காட்டினார். என் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நோட்டைக் கேட்டு, இடது கையால பக்கம் தள்ளித் தள்ளி, வெத்துத் தாள் எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்துக்குப் போனார். நான் அதுவரைக்கும் திறந்தே பாக்காத பக்கம்.

பென்சில்ல ஒரு படம். ரெண்டு ஐசி. ஏ5. அஞ்சு சுவிட்ச். கீழ சாமான் லிஸ்ட், பக்கத்துல விலை. 'பசங்க விளையாட ஜாய்ஸ்டிக். மே மாசம் செய்யணும்.' தேதி 12-3-94. ஓரத்துல கட்டம் கட்டி, ரெண்டு கோடு போட்டு: '5ம் இடத்தை அடைக்க மறக்கக்கூடாது.'

நான் பொம்மைன்னு சொன்ன அதே மே மாசம்.

அத்தை என்ன எழுதியிருக்குன்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன், பாதியில குரல் வரலை. மாமா நாற்காலி பக்கத்துல குந்தி உக்காந்து, "மாமா, அன்னைக்கு நான் பொம்மைன்னு சொன்னேன்ல..."ன்னு ஆரம்பிச்சேன். முப்பது வருஷமா மனசுல எழுதி வெச்சிருந்த வசனம் அது.

மாமா என் தோள் மேல இடது கையை வெச்சார். அப்படியே ஒரு பக்கமாத் தள்ளினார்.

"நவுரு"ன்னார். டிவியை மறைச்சுக்கிட்டு இருந்தேன்.

சிவப்பு பட்டனை அழுத்தி முதல் ஆட்டை வெச்சார். அன்னைக்கு மூணு ஆட்டம். மூணுலயும் என் புலியைக் கட்டிப் போட்டுட்டார்.